பன்னிரண்டாம் எண்

நவம்பர். கார்ட்லாவில் நாலு மணிக்கே இருட்டு.
தீவுக்கும் கரைக்கும் இன்று படகில்லை, காற்று அதிகம் என்றார்கள்.
கிடைத்த விடுப்பில்
அலமாரிக்குள் முனகிக் கிடக்கும் பழைய கணினிக்குப்
புது லினக்ஸ் ஏற்றினேன்.

பாதி வழியில் நின்று அது கேட்டது:
இந்தக் கோப்பை யாரோ கையால் திருத்தியிருக்கிறார்கள்,
அதையே வைத்துக்கொள்ளவா, புதிதைப் போடவா?
அடுப்பில் உருளைக்கிழங்கு பொங்கி வழிந்தது.
புதிது என்று தட்டிவிட்டு ஓடினேன்.

மாடியிலிருந்து தூலி:
"அப்பா, நெட் இல்ல."
பதினான்கு வயதுக் குரலில் அது
கப்பல் மூழ்கிய செய்தி.

முதலில் கேபிள். பிடுங்கி, ஊதி, செருகினேன்.
பச்சை விளக்கு கண்ணடித்தது,
கடன் வாங்கியவனின் நிதானத்தோடு.
ரூட்டரைக் கூப்பிட்டேன். ஒரு மில்லிநொடியில் பதில்.
கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கும்
வெறும் எண் ஒன்றைக் கூப்பிட்டேன்.
அதுவும் பேசியது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான்
ஒருவரும் இல்லை.
வங்கி இல்லை, வானிலை இல்லை,
நான் வேலை பார்க்கும் படகே இல்லை.
எண்கள் எல்லாம் இருந்த இடத்தில்.
பெயர்கள் மட்டும் பெயர்ந்துவிட்டன.

இரண்டு மணி நேரம்.
கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள், ஒன்றுக்கொன்று முரணாய்.
உருளைக்கிழங்கு கஞ்சியாகிவிட்டது.

பிறகு கண்டேன்: பழைய கோப்பு சாகவில்லை.
வாலில் 'பழையது' என்று ஒட்டி
ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள்.
திறந்தேன்.
ஐலி.
திரையில் எல்லோருக்கும் ஒரே எழுத்துதான்,
ஆனாலும் அவள் கை அது.
வரிக்கு வரி ஒரு # போட்டு
இயந்திரம் படிக்காத குறிப்புகள்:

# பிரிண்டர். திங்கட்கிழமை முறைக்கும், விட்டுவிடு.
# தூலியின் போன். பதினொன்றுக்கு மேல் கிடையாது. நான் சொன்னதாகச் சொல்லாதே.
# எண்டெலின் டிவி, முப்பத்தொன்று. உர்மாஸுக்குத் தெரிய வேண்டாம்.
# நான். பன்னிரண்டு.

உர்மாஸ் நான்தான்.
அந்த மூன்றாவது வரியை இரண்டாம் முறை படிக்கையில்
கதவு தட்டப்பட்டது.
பக்கத்து வீட்டு எண்டெல், பனிக்காலணியோடு,
தொப்பியைக் கையில் சுருட்டியபடி.
"உங்க வீட்ல கரண்ட் இருக்கா?"
இருக்கு என்றேன்.
போகவில்லை.
என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.
"எல்லாமே இருக்கா?"
இன்னும் பத்து நிமிஷம் என்றேன்.
தலையசைத்தார். காது சிவந்திருந்தது, குளிராகவும் இருக்கலாம்.

பழையதைத் திரும்ப வைத்தேன். கணினி மறுத்தது:
eth0 என்று இங்கே யாரும் இல்லை.
அதே அட்டை, அதே துளை, அதே கேபிள்,
மேம்பாடு அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டிருந்தது, enp2s0 என்று.
ஒரு சொல்லை அடித்து ஒரு சொல்லை எழுதினேன்.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு.
மூன்று குளிர்காலமாக வேறு எதற்கும் தராமல்
இந்த அலமாரி அடைகாத்த எண்.
டார்ட்டுவில் அவளுக்கு இப்போது வேறு வீடு, வேறு ரூட்டர்.
வரியின் தலையில் கர்சர் துடித்தது.
ஒரு # போதும், வரி ஊமையாகிவிடும்.

"அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?"

கர்சரை மேலே ஏற்றினேன்,
எண்டெலின் வரிக்கு.
அவள் குறிப்பின் கீழே என் குறிப்பு ஒன்று:
# தெரியும்.
சேமித்து, இயக்கினேன்.

மாடியில் ஒரு கூவல்.
திரையில் ஒவ்வொன்றாக வந்து முகவரி கேட்டன,
போன், பிரிண்டர்,
கொஞ்சம் தயங்கி முப்பத்தொன்று.
ஜன்னலுக்கு அப்பால், வேலி தாண்டி,
ஒரு கூடம் நீலமாயிற்று.
பனிச்சறுக்குப் போட்டி போல.

உருளைக்கிழங்கில் உப்புப் போட்டு
தூலியைச் சாப்பிடக் கூப்பிட்டேன்,
பெயர் சொல்லி.